வீட்டு வினாகிரியின் வலு எவ்வளவு?

நபி (ஸல்) அவர்கள் நல்ல கறியெனப் பாராட்டிய பொருள் வினாகிரி. எங்கள் ஊர்களில் பலர் அதனைத் தேங்காய்த் தண்ணீரில் வீட்டிலேயே செய்கின்றனர். புரியாணியோடு வரும் அச்சாறும் வினாகிரியில்தான் ஊறுகிறது. இரசாயனவியல் படிக்கும் மாணவி என்ற வகையில், அச்சாறு போடுமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எழுதுகிறேன்: அந்த வினாகிரியில் எவ்வளவு அமிலம் இருக்கிறது?

முதலில் மதுவம் சீனியை மதுசாரமாக்குகிறது. பின்னர் பற்றீரியா காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அதை அசற்றிக்கமிலமாக்குகிறது. 180 கிராம் குளுக்கோசிலிருந்து ஆகக் கூடியது 120 கிராம் அமிலமே கிடைக்கும். ஆகவே ஒரு லீற்றரில் 50 கிராம் அமிலம், அதாவது 5 சதவீதம், வேண்டுமாயின் குறைந்தது 75 கிராம் குளுக்கோசு தேவை. முற்றிய தேங்காயின் தண்ணீரில் அவ்வளவு இல்லாததால்தான் சீனி சேர்க்கிறோம். சீனி குறைந்தாலும் காற்றுக் குறைந்தாலும் வினாகிரி வலுக்குறையும்.

வலுக்குறைந்தால் என்ன? குளொஸ்ரீடியம் பொற்றுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத போத்தலில், பீ.எச். பெறுமானம் 4.6 இற்கு மேலிருந்தால், அவை முளைத்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மணத்தாலோ சுவையாலோ தெரியாது. வெங்காயமும் மிளகாயும் விடும் தண்ணீர் வினாகிரியை இன்னும் ஐதாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

புளிப்பை நாக்கால் அளக்க முடியாது. பீ.எச். தாளும் போதாது, 3 சதவீத வினாகிரிக்கும் 5 சதவீத வினாகிரிக்கும் பீ.எச். வித்தியாசம் ஏறத்தாழ 0.1 மட்டுமே. ஆய்வுகூடத்தில் நாம் செய்யும் நியமிப்பே சரியான வழி. 10 மில்லிலீற்றர் வினாகிரியில் பினோத்தலீன் இட்டு, லீற்றருக்கு 0.5 மூல் செறிவுள்ள சோடியமைதரொட்சைட்டைச் சேர்க்கும்போது, 10 மில்லிலீற்றரில் இளஞ்சிவப்பு நிலைத்தால் அமிலம் 3 சதவீதம். 5 சதவீத வினாகிரிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிலீற்றர் செல்லும்.

அளக்காத வீட்டு வினாகிரியை வீசிவிட வேண்டியதில்லை. கறிக்கும் சம்பலுக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். அதில் அச்சாறு போட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் உண்டு முடிக்க வேண்டும். மாதக்கணக்கில் அலுமாரியில் வைக்கும் போத்தல்களுக்கு, 5 சதவீதம் என லேபிளில் குறித்த வினாகிரியை வாங்கி, தண்ணீர் கலந்து குறைக்காமல் ஊற்றுங்கள். தாய்மாரின் கைப்பக்குவத்தோடு நாம் கற்ற அளவும் சேரட்டும்.