1,024 கட்டங்களில் ஒரு வெடிகுண்டு

கேள்வி: கம்ப்யூட்டர் திரையில் உள்ள ஐகான்களை நம் இஷ்டப்படி மாற்றுவது எப்போது வந்தது? அதற்குத் தனி மென்பொருள் வேண்டுமா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: ஐகான்கள் விற்பனைக்கு வந்து சில வருடங்கள் கழித்துத்தான் அந்த உரிமை நமக்குக் கிடைத்தது. 1981இல் ஜெராக்ஸ் வெளியிட்ட 'ஸ்டார்' கணினியில் காகிதம், ஃபோல்டர், பிரின்டர் என்று ஓர் அலுவலக மேசையே திரையில் இருந்தது. பார்க்கலாம், பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

ஐகானுக்கு முகக்களை வந்தது ஆப்பிளின் மேக்கின்டாஷில். அவற்றை வரைந்த சூசன் கேர் கணினிக்காரர் அல்ல. கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர். மேக்கின்டாஷ் குழுவிலிருந்த பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் கூப்பிட்டபோது, ஒரு மியூசியத்துக்காகக் காட்டுப்பன்றிச் சிலை செய்துகொண்டிருந்தாராம்! முதலில் அவர் வரைந்தது கணக்கு நோட்டுபோலக் கட்டம் போட்ட தாளில்: நீளத்தில் 32, அகலத்தில் 32. மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு, இல்லையேல் வெள்ளை. சிரிக்கும் மேக்கும், கணினி படுத்துவிட்டால் தோன்றும் வெடிகுண்டும் அதற்குள் பிறந்தவைதான். பிறகு ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அவருக்காகவே ஐகான் வரையும் மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அந்த ஓவிய நோட்டுகள் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1991இல் வந்த ஆப்பிளின் 'சிஸ்டம் 7' மேக்கில் வாசலைத் திறந்துவிட்டது. ஏதாவதொரு படத்தை காப்பி செய்து, ஃபோல்டரின் தகவல் பெட்டியில் பேஸ்ட் செய்தால் ஐகான் மாறிவிடும். விண்டோஸ் 95க்கு மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற 'பிளஸ்!' தொகுப்பு, ஐகான், மவுஸ் அம்பு, சத்தம் எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றியது. லியனார்டோ டாவின்சிக்குக்கூட அதில் ஒரு தீம் உண்டு. மொத்தமாக மாற்ற விரும்புவோருக்கென்றே ஸ்டார்டாக்கின் 'ஐகான்பேக்கேஜர்', மேக்கில் 'கேண்டிபார்' போன்றவை பின்னால் வந்தன.

உங்களுக்கு மென்பொருள் அவசியமில்லை என்பேன். விண்டோஸில் ஷார்ட்கட் மீது ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய், 'சேஞ்ச் ஐகான்' அழுத்தினால் போதும். நாலைந்து ஐகானுக்கு இணையத்தில் இலவச மென்பொருள் தேடி வைரஸை விலைக்கு வாங்க வேண்டாம்.

இதே வசதி திருடர்களுக்கும் உண்டு. இயங்கும் புரோகிராம் தன் ஐகானைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். அதற்கு பிடிஎஃப் முகமூடி மாட்டிவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு, கோப்புப் பெயரின் கடைசியில் வரும் '.எக்ஸ்இ'யை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கிறது. ஐகானை மாற்றும் கையோடு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் டிக் செய்துவிடுங்கள்.