கதிரும் குளிரும் தாங்கும் சில்லுகள்

நாம் கையாளும் கருவிகள் பலவற்றை இயக்குவது நகத்தினும் சிறிய மின்னணுச் சில்லேயாகும். மண்ணுலகில் காற்று மண்டலமும் புவியின் காந்தப் புலமும் அதற்குக் காவலாக நிற்கின்றன. அக்காவலைக் கடந்து விண்ணிற் செல்லும் சில்லுக்கோ பகைகள் இரண்டு: ஒன்று கதிர்வீச்சு, மற்றொன்று கடுங்குளிர்.

கதிர்வீச்சின் தீங்கு இருவகைப்படும். விரைந்து வரும் துகள் ஒன்று நினைவகத்திற் பாயின், அங்குள்ள சுழி ஒன்றாக மாறிவிடக்கூடும், கணக்குப் பிழைபடும். இதனைத் தடுக்க, ஒரே கணக்கை மூன்று சுற்றுகளிடம் ஒப்படைத்து, இரண்டு ஒத்துக் கூறும் விடையையே பொறியாளர் ஏற்பர். மற்றது, சிறுகச் சிறுகச் சேரும் தீங்கு. சில்லின் மின்கடத்தாப் படலத்தில் மின்னேற்றம் சிக்கிக்கொள்ள, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் மின்னைக் கசியவிடும். படலத்தை மெல்லியதாக்கியும், கசிவுள்ள இடங்களைச் சுற்றிக் காப்பு வளையமிட்டும் இதனைக் குறைப்பர்.

குளிரின் இயல்பு வேறு. சிலிக்கனில் மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்கள் பெருங்குளிரில் அணுக்களிலேயே ஒடுங்கிவிடும். வெப்பமும் குளிரும் மாறி மாறி வருவதால் பற்றவைத்த இணைப்புகளும் விரிசல் காணும். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவில் இறங்கிய நம் விக்ரம் கலம், ஒரு நிலவுப் பகலுக்குரிய தன் பணியை முடித்து உறங்கியது. நெடிய இரவின் குளிருக்குப் பின் எழவில்லை. சிலிக்கனோடு ஜெர்மேனியம் கலந்து செய்த டிரான்சிஸ்டர்களோ குளிரில் முன்னினும் விரைந்து இயங்குகின்றன. அவற்றைக் கொண்டு நிலவின் குளிரைத் தாங்கும் சில்லுகளை அமைக்க அறிஞர் முயன்று வருகின்றனர்.

இவ்விரு பகைகளும் தம்முள் நட்புடையன. வெம்மை, கதிர்வீச்சால் நேர்ந்த பழுதை ஓரளவு ஆற்றும். குளிர் அதனை ஆறவிடாது. இவ்வுண்மை ஒரு கலத்துக்குக் கைகொடுத்த வரலாறு அறியத்தக்கது. 2011இல் அமெரிக்கர் ஏவிய ஜூனோ, 2016இல் வியாழனை அடைந்தது. அதன் முதன்மை மின்னணுக் கருவிகள் தைத்தேனியப் பெட்டகத்துள் இருந்தன. ஒளிப்படக் கருவியின் கண்ணோ பெட்டகத்துக்கு வெளியே இருந்தது. ஆண்டுகள் செல்ல, படங்களிற் கோடுகள் படிந்தன. அயோ என்னும் துணைக்கோளை அணுகும் நாளோ நெருங்கிவிட்டது. பழுது பார்க்க எவரும் அங்குச் செல்ல இயலாது. பொறியாளர்கள் இங்கிருந்தே ஆணையிட்டு, கருவியிலிருந்த சூடேற்றியை முழு அளவில் இயக்கினர். முதலிற் பயன் தெரியவில்லை. அணுகுதற்குச் சில நாட்களே இருந்தபோது படங்கள் தெளிந்தன. 2023 டிசம்பர் 30ஆம் நாள் அயோவின் மலைகள் செவ்வனே பதிவாயின.

காப்பு வேண்டும், உள்ளுரமும் வேண்டும். இவ்விரண்டையும் கடந்து பழுது நேர்ந்த விடத்து, அதன் காரணத்தை ஆராயும் பொறுமையும் வேண்டும்.