செயலாளர் எழுதாத கடிதம்

சென்னைப் புறநகர் அடுக்குமாடிகளில் கோடைச் சண்டை தண்ணீரில்தான் ஆரம்பிக்கும். லாரித் தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா? எங்கள் குடியிருப்பின் மின்னஞ்சல் குழுவில் இப்படித் தொடங்கிய பேச்சு, சீக்கிரமே "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இதுல என்ன பேச்சு?" என்கிற இடத்துக்கு வந்து நின்றது. ஒருநாள் ராத்திரி நிர்வாகக் குழு சத்தமில்லாமல் குழுவைப் பூட்டிவிட்டது. இனி நிர்வாகிகள் மட்டும் எழுதலாம், வீட்டு உரிமையாளர்கள் படிக்கலாம். வாடகைதாரர்களின் முகவரிகள் மொத்தமாக நீக்கப்பட்டிருந்தன. முன்னறிவிப்பும் இல்லை, காரணம் சொல்லி ஒரு வரியும் இல்லை.

அந்த வாரமே செயலாளர் பெயரில் ஒரு கடிதம் சுற்ற ஆரம்பித்தது. வாடகை வீடுகளுக்கு லாரித் தண்ணீர் ஒருவேளைதான், கூடுதலாக வேண்டுமென்றால் முன்பணம் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. செயலாளர் வழக்கமாகப் போடும் "அன்புடன்", அவருடைய வீட்டு எண், எல்லாம் அச்சு அசல். அவர் அதை எழுதவில்லை. எழுதவில்லை என்று சொன்னபோது நம்பத்தான் ஆளில்லை.

நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் மெயில் சர்வர்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். சங்கத்தில் எந்தப் பதவியும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இரண்டு தரப்பும் என் வீட்டுக் கதவைத் தட்டின.

முதலில் வந்தவர் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் இளைஞர். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார்.

"சார், நீங்களே பாருங்க. அனுப்பினவர் பேர் இருக்கு, தேதி இருக்கு."

"இது உங்களுக்கு மெயிலா வந்துதா தம்பி?"

"இல்ல சார், பி பிளாக் அண்ணன் ஃபார்வர்ட் பண்ணாரு. அவருக்கு மெயில்ல ஃபார்வர்டா வந்துதாம்."

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்யும்போது மேலே வரும் "அனுப்புநர், தேதி, பொருள்" என்ற வரிகள் சாதாரண எழுத்துகள்தான். அனுப்புவதற்கு முன் அவற்றை அழிக்கலாம், திருத்தலாம், இல்லாத கடிதத்துக்கே புதிதாகத் தட்டச்சு செய்யலாம். ஸ்கிரீன்ஷாட் இன்னும் மோசம். உலாவியில் திறந்திருக்கும் பக்கத்தின் எழுத்துகளைத் தற்காலிகமாக மாற்றிப் படம் பிடிக்கப் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். எனவே உங்கள் குழுவில் இப்படி ஒன்று வெடித்தால், உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் மூலத்தைக் கேளுங்கள். நேரடியாக அந்தக் கடிதத்தைப் பெற்றவர் யார் என்று சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போங்கள். அவரிடம் சாதாரண ஃபார்வர்டாகக் கேட்காமல், கடிதத்தையே இணைப்பாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜிமெயிலில் அதற்கென்றே தனி வசதி உண்டு. அப்படி அனுப்பினால்தான் கடிதத்தின் தலைப்புத் தகவல்கள் சிதையாமல் வந்து சேரும்.

எங்களுக்கு மூலம் கிடைத்தது. சி பிளாக்கில் இருக்கும் ஒரு மாமிக்கு அது நேரடியாகவே வந்திருந்தது. கணினியில் திறந்து 'ஷோ ஒரிஜினல்' போட்டால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருந்தது. கூட இருந்த ஒரு மென்பொருள்காரர் துள்ளிக் குதித்துவிட்டார். "மூணும் பாஸ் சார்! ஆக, அவர்தான் அனுப்பியிருக்கார்."

அரைகுறையாகத் தெரிந்திருப்பது தெரியாமல் இருப்பதைவிட ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்பட்டதில்லை. மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வந்தது. அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் கிடையாது. இன்லண்டு லெட்டரின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் இல்லையா, அந்தக் கதைதான். பின்னாளில் அந்த ஓட்டையை அடைக்க வந்தவை இந்த மூன்றும். ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பகுதி) பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல் எஸ்பிஎஃப். கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான மின்முத்திரை டிகிம். இந்தச் சோதனைகளில் தேறிய டொமைனும் அனுப்புநர் வரியில் தெரியும் டொமைனும் ஒத்துப்போகின்றனவா, இல்லையென்றால் கடிதத்தை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மூன்றும் டொமைனைத்தான் சோதிக்கின்றன, ஆளை அல்ல. ஜிமெயில் கணக்கிலிருந்து வந்த கடிதம் ஜிமெயிலிலிருந்துதான் வந்தது என்று 'பாஸ்' சொல்கிறது, அவ்வளவே.

முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். செயலாளர் முகவரியில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'ஆர்', 'என்' என இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. செல்பேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதையும் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை, செயலிகள் பெரும்பாலும் பெயரை மட்டும் காட்டிவிட்டு முகவரியை மறைத்துக்கொள்கின்றன. பெயர் இருக்கும் இடத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். (ஜிமெயிலில் புள்ளி சேர்ப்பதாலோ எடுப்பதாலோ வேறு கணக்கு உருவாகாது. எனவே புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.)

இரண்டாவதாக ஒரு கடிதம் வந்தது. அது சங்கத்தின் சொந்த டொமைன் முகவரியிலிருந்தே வந்ததாகக் காட்டியது. திறந்து பார்த்தால் எஸ்பிஎஃப் 'ஃபெயில்'. அப்படியும் சிலருடைய இன்பாக்ஸில் போய் உட்கார்ந்துவிட்டது. காரணம், எங்கள் டொமைனுக்கு டிமார்க் பதிவே போட்டிருக்கவில்லை. தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று பெறுகிற சர்வருக்கு நாங்கள் சொல்லவே இல்லை. மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பதிவை கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கிவிட்டன. எங்களைப் போன்ற சிறு சங்கங்களை யாரும் கேட்பதில்லை.

பதிவு போடும்போது எடுத்தவுடன் 'நிராகரி' என்று வைத்துவிடாதீர்கள். முதலில் கண்காணிப்பு மட்டும். வரும் அறிக்கைகளைப் பார்த்தால் உங்கள் பெயரில் யார் யார் அஞ்சல் அனுப்புகிறார்கள் என்று தெரியும். எங்கள் பராமரிப்புக் கட்டண ரசீதுகளை வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் சங்கத்தின் முகவரியில் அனுப்பிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டிருந்தால் போலிக் கடிதத்தோடு ரசீதுகளும் திரும்பியிருக்கும், அப்புறம் பொருளாளரை யாரும் உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

சரி, அனுப்பியது யார்? எல்லோருக்கும் இதுதான் வேண்டும். "இந்த 'ஆகவே' அவர்தான் சார் போடுவார்" என்று நடையை வைத்துத் துப்பறிந்தவர்கள் உண்டு. ஜிமெயில் தளத்திலிருந்து எழுதும் கடிதத்தில் அனுப்பியவரின் ஐபி முகவரி இருக்காது. காவல்துறை முறைப்படி கேட்டால்தான் நிறுவனத்திடமிருந்து விவரம் வரும். எனவே குற்றவாளி யார் என்ற பேச்சுக்கு நான் உட்காரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடிதம் பொய் என்று நிரூபிப்பது சங்கத்தின் வேலை, ஆளைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. இரண்டையும் குழப்பிய இடங்களில், செய்யாதவர் தலையில் பழி விழுந்து, பிறகு அவர் நிஜமாகவே எதிரியாகிவிடுகிறார்.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் "66ஏ-வில் உள்ளே தள்ளுவோம்" என்றார். கடிதம் எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றுவதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு தொட்டது உண்மைதான். ஆனால் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அதை முழுதாகவே செல்லாததாக்கிவிட்டது. அதே சட்டத்தில் இப்போது கைகொடுக்கக்கூடியவை அடையாளத் திருட்டுக்கான 66சி, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி. இரண்டிலும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஒருவரின் பெயரைக் கெடுக்கப் போலி மின்பதிவு உருவாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவில் வருகிறது. இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் எழும்பூர் நீதிமன்றத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் பெயரில் பொய்யாக மின்னஞ்சல் கணக்கு தொடங்கி யாஹூ குழுவில் அசிங்கமாக எழுதியவருக்கு 2004-லேயே அங்கே தண்டனை கிடைத்தது.

புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மூலக் கடிதத்தை அழிக்காதீர்கள், பெற்றவரின் கணக்கிலேயே இருக்கட்டும். அச்சுப் பிரதி மட்டும் நீதிமன்றத்தில் போதாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இவ்வளவு சாதாரணமான போலியை இத்தனை படித்தவர்கள் ஏன் நம்பினார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர் நீக்கப்பட்டவனுக்கு, அடுத்து தண்ணீரையும் நிறுத்துவார்கள் என்பது நம்பக்கூடிய செய்திதான். போலி எழுதியவர் புதிதாக எதையும் கிளப்பவில்லை, ஏற்கெனவே இருந்த பயத்துக்குச் செயலாளர் பெயரைப் போட்டார். அதற்குமேல் ஒரு கூத்து: செயலாளர் எழுதிய மறுப்பு அதே பூட்டிய குழுவில்தான் வெளியானது. கடிதத்தால் காயப்பட்டவர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை. மறுப்பு, பொய் போன பாதையிலேயே போக வேண்டும். வாட்ஸ்அப்பில் பரவியதா, வாட்ஸ்அப்பிலும். லிஃப்டுக்குள் பேச்சாகப் பரவியதா, லிஃப்ட் பக்கத்தில் காகிதத்திலும்.

குழுவைப் பூட்டுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாய் தடித்த நேரத்தில் பூட்டத்தான் வேண்டும். ஆனால் பூட்டும் முன் யார், ஏன், எந்தத் தேதி வரை, யாரிடம் முறையிடலாம் என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். எங்கள் சங்கம் வாடகைதாரர்களைத் திரும்பச் சேர்த்தது. அவர்கள் எழுதுவது ஒரு நிர்வாகியும் ஒரு வாடகைதாரரும் பார்த்த பிறகு வெளியாகும். நிர்வாக முடிவுகளுக்கு வரிசை எண் போட்டு, அதே எண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், எண் இல்லாத கடிதத்துக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தீர்மானமும் போட்டார்கள். "இந்தக் காலத்துல போய் நோட்டீஸ் போர்டா?" என்று அந்த மென்பொருள்காரர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார்.