கர்ட்டிஸ் மேபீல்டு

பிறர்க்கு ஊக்கம் கூறுதல் எளிது. தமக்குத் துன்பம் நேர்ந்தவிடத்து அவ்வூக்கத்தைத் தாமே கைக்கொள்ளுதல் அரிது. அவ்வரிய செயலைச் செய்து காட்டியவர் கர்ட்டிஸ் மேபீல்டு என்னும் அமெரிக்க இசைவாணர்.

இவர் 1942 ஆம் ஆண்டு சூன் திங்கள் 3 ஆம் நாள் சிக்காகோ நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தேவாலயத்தில் பாடிய பாடல்களே இவருக்கு முதற் கல்வியாயின. கிதார் கற்பிக்க ஆசிரியர் எவரும் வாய்த்திலர். எனினும், தாம் அறிந்திருந்த பியானோவின் கருங்கட்டைகளின் சுருதிக்கு இயையக் கிதாரின் தந்திகளை முறுக்கிக்கொண்டு, தாமே பயின்று தேர்ந்தார். பொது வழக்கினின்றும் வேறுபட்ட அம்முறையே இவருடைய இசைக்குத் தனி இனிமை தந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வளர்ந்த இசைவகைகளுள் ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்பது ஒன்று. அம்மரபில் பாடிய ‘இம்ப்ரெஷன்ஸ்’ என்னும் குழுவில் இவர் இளமையிலேயே சேர்ந்தார். 1958 இல் அக்குழு புகழ் பெற்றது. பின்னர் அதற்குப் பாடல்கள் இயற்றும் பொறுப்பை இவரே ஏற்றார்.

அக்காலத்தில் கறுப்பின மக்கள் சம உரிமை வேண்டி அறப்போர் நடத்தினர். 1964 இல் ‘கீப் ஆன் புஷிங்’, 1965 இல் ‘பீப்பிள் கெட் ரெடி’ ஆகிய இவருடைய பாடல்கள் வெளிவந்தன. தளராது முன்னேறுக என்று அவை கூறியதால், போராடிய மக்கள் அவற்றைத் தம் பாடல்களாகவே போற்றினர். 1968 இல் சொந்தமாக இசைத்தட்டு நிறுவனமும் தொடங்கினார்.

1990 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13 ஆம் நாள், நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் திறந்தவெளி மேடை ஒன்றில் இவர் பாடவிருந்தார். அப்போது பெருங்காற்று வீசியது. விளக்குகளைத் தாங்கிய சாரம் இவர்மீது சரிந்தது. கழுத்துக்குக் கீழ் உடல் முழுதும் செயலிழந்தது. கிதாரை மீட்டிய விரல்கள் அதன்பின் அசையவேயில்லை. பாடுவதற்கும் மூச்சுப் போதவில்லை.

ஆயினும் இவர் இசையைக் கைவிட்டாரல்லர். மல்லாந்து படுத்தால் குரலெழுப்ப மூச்சு ஓரளவு இடங்கொடுப்பதை உணர்ந்தார். அந்நிலையிலேயே சில சொற்களைப் பாடுவார், இளைப்பாறுவார், மீண்டும் பாடுவார். இவ்வாறு சிறிது சிறிதாகப் பதிவு செய்து இணைக்கப்பெற்ற பாடல்கள், 1996 இல் ‘நியூ வேர்ல்டு ஆர்டர்’ என்னும் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

1999 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள் மேபீல்டு இயற்கை எய்தினார். தளராதீர் என்று முன்னர்ப் பிறர்க்குப் பாடினார். பின்னர்த் தாமே தளராது வாழ்ந்தார். சொல்லும் செயலும் ஒன்றாய் நின்றமையே இவர் பெற்ற பெரும்புகழ் ஆகும்.