மூன்று நிமிடத்தில் நான்சன்: வரலாற்று வகுப்புக்குக் குறுங்காணொளி செய்யும் முறை

ஒஸ்லோவின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் இந்தச் சிரமம் தெரியும். பிள்ளைகள் ஐந்து நாளும் நோர்வேஜிய மொழியில் படித்துவிட்டு வருகிறார்கள். தமிழில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கக் கொடுத்தால் இரண்டாம் பந்தியிலேயே களைத்துவிடுகிறார்கள். குறுங்காணொளி இங்கே நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் பிறந்தார், படித்தார், சாதித்தார், இறந்தார் என்று படங்களை ஓடவிட்டு, பின்னால் உருக்கமான இசை போடும் காணொளியால் ஒரு பயனும் இல்லை. புத்தகத்தையாவது திருப்பிப் பார்க்கலாம்.

ஒரு காணொளிக்கு ஒரு முழு வாழ்க்கை வேண்டாம். அந்த மனிதர் ஒரு முடிவெடுத்த ஒரு நாள் போதும். அந்த முடிவு சரியா, பிழையா என்று வகுப்பு வாதாட வேண்டும். காணொளியின் வேலை அந்த வாதத்தைத் தொடக்கிவைப்பது மட்டுந்தான். இந்த முறையை பிரிட்யோஃப் நான்சனை வைத்தே விளக்குகிறேன். அவரைப் பற்றிய மூலச் சான்றுகள் ஒஸ்லோவிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம், அவருடைய கதை அகதிகளாக இங்கே வந்த நம் குடும்பங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது.

முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள்

நான்சன் 1861இல் பிறந்தார். விலங்கியல் படித்தார். 1888இல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் குறுக்கே கடந்தார். பிறகு துருவப் பயணம், பிறகு இராஜதந்திரம், பிறகு அகதிகள் பணி. இவ்வளவையும் மூன்று நிமிடத்தில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது. நான் தெரிவு செய்வது 1895 ஏப்ரல் 8.

அந்த நாளுக்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சைபீரியாப் பக்கத்துப் பனிக்கட்டி, கடல் நீரோட்டத்தோடு சேர்ந்து துருவத்தை ஒட்டி நகர்ந்து கிரீன்லாந்துப் பக்கம் வருகிறது என்று நான்சன் நம்பினார். சைபீரியாவுக்கு வடக்கே மூழ்கிய அமெரிக்கக் கப்பல் ஒன்றின் சிதைவுகள் 1884இல் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன. அவருடைய நம்பிக்கைக்கு அதுவே ஆதாரம். அதனால் ஃப்ராம் என்ற கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, அது இழுத்துச் செல்லும் வழியில் போகத் திட்டமிட்டார். 1893இல் புறப்பட்டார்கள். கப்பல் மிக மெதுவாகவே நகர்ந்தது. துருவத்தையும் தொடாது என்று தெரிந்தது. 1895 மார்ச் 14 அன்று நான்சனும் யால்மர் யொஹான்சனும் 28 நாய்கள், மூன்று சறுக்குவண்டிகள், இரண்டு கயாக்குகளோடு கப்பலைவிட்டு இறங்கி வடக்கே நடந்தார்கள். கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. இதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

ஏப்ரல் 8. அவர்கள் நிற்பது 86 பாகை 14 நிமிட வட அகலாங்கில். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. துருவத்துக்கு இன்னும் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். காலடியில் உள்ள பனியோ அவர்களை எதிர்த்திசையில் இழுக்கிறது. நான்சன் திரும்பிவிட முடிவெடுக்கிறார். காணொளி இங்கேயே நிற்க வேண்டும். பிறகு என்ன நடந்தது என்று அதில் சொல்லக் கூடாது.

சான்றுகளைத் திரட்டுங்கள்

முப்பதாம் இலக்கப் பேருந்தில் பிக்டோய் போனால் ஃப்ராம் கப்பலையே பார்க்கலாம். 1936இல் திறந்த அருங்காட்சியகம், கப்பலைச் சுற்றியே கட்டியது. மேல்தளத்தில் ஏறலாம், கீழே இறங்கி அறைகளையும் பார்க்கலாம். படம் எடுக்கும் விதிமுறையை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசியைக் கிடையாகப் பிடித்து, ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் பத்து விநாடி எடுங்கள். நடந்துகொண்டே எடுத்தது வெட்டி ஒட்டும்போது உதவாது. அடிப்பக்கத்து உருண்டையான உடலையும் தடித்த மரச்சுவரையும் கட்டாயம் எடுங்கள். கப்பல் தப்பியதன் இரகசியம் அங்கேதான் இருக்கிறது.

அந்த இரகசியத்தைக் காட்ட வீட்டுக் குசினியில் உள்ள ஒரு சிரட்டை போதும். வாய் மேலே பார்க்க வைத்து, வெளிப்புறத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, இரு புறமும் இரண்டு கனமான புத்தகங்களின் விளிம்பால் கீழ்ப்பகுதியை நெருக்குங்கள். சிரட்டை நசுங்காமல் வழுக்கி மேலெழும். கப்பற்கட்டுநர் கொலின் ஆர்ச்சர் ஃப்ராமை இப்படித்தான் வடிவமைத்தார்: பனி நெருக்கும்போது கப்பல் உடையாமல் மேலே தூக்கப்பட வேண்டும். பதினைந்து விநாடிப் படமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தத் துண்டைத்தான்.

பழைய படங்களுக்கு நோர்வேயின் தேசிய நூலகத்து இணையத் தொகுப்பு முதலிடம். நான்சன் 1930இல் காலமானார். படைப்பாளர் இறந்து 70 ஆண்டு கடந்தால் காப்புரிமை முடிந்துவிடும் என்பதால் அவர் எழுதியதையும் எடுத்ததையும் தடையில்லாமல் பயன்படுத்தலாம். மற்றவர்கள் எடுத்த படங்களுக்கு, ஒவ்வொன்றின் கீழும் உள்ள உரிமைக் குறிப்பைப் படியுங்கள். இசையில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. எட்வர்ட் கிரீக் 1907இல் இறந்தார். அவருடைய மெட்டு எல்லோருக்கும் பொது. ஆனால் ஓர் இசைக்குழு அண்மையில் பதிவுசெய்த ஒலித்தட்டு அப்படியல்ல. நான் இசையே வேண்டாம் என்பேன். காற்றின் ஓசையும் குரலும் போதும்.

கணினி உருவாக்கிக் கொடுக்கும் படங்களை வரலாற்று வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்தறியப் பழகும் வயதில், நடக்காத ஒன்றைப் புகைப்படம் போலக் காட்டுவது பெரிய கெடுதி. படம் இல்லாத இடத்தில் வரைபடம் போடுங்கள், அல்லது பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.

எழுதுங்கள், பிறகு பேசுங்கள்

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குத் தமிழில் தொண்ணூறு சொல் அளவில்தான் வரும். அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு 270 சொல். எழுதி முடித்ததும் உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் வசனத்தை இரண்டாக உடையுங்கள். மேடைத் தமிழ் வேண்டாம். வீட்டில் அம்மம்மா கதை சொல்லும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிறது, அதைப் பிடியுங்கள்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: “இரண்டு பேர் பனியின்மேல் நிற்கிறார்கள். இவ்வளவு வடக்கே இதுவரை யாரும் வந்ததில்லை. திரும்பிப் போகக் கப்பல் இல்லை. சாப்பாடு குறைகிறது. இன்னும் வடக்கே போவதா?” இதைச் சொல்ல இருபது விநாடிகூடப் போகாது. பிறகு கப்பலும் சிரட்டையும் ஒரு நிமிடம், நடைப்பயணம் ஒரு நிமிடம், கடைசியில் அந்த நாள்.

நாய்களின் கதையை மறைக்காதீர்கள். சாப்பாடு தீரத்தீர ஒவ்வொரு நாயாகக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட்டார்கள். சின்னப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், “ஏன் ரீச்சர், பாவமில்லையா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வகுப்பில் இடம் கொடுங்கள். ஒரு மனிதரைப் பெரியவர் என்று சொல்லும்போது அவர் செய்த கடினமான காரியங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குரலைப் பதிய உடுப்பு அலமாரி நல்ல இடம். குளிர்கால மேலங்கிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். கைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். எடிற் பண்ண எந்தச் செயலி என்றாலும் சரி. ஒவ்வொரு படமும் குறைந்தது ஐந்து விநாடி நிற்க வேண்டும். இடப்பெயர், ஆட்பெயரைத் தமிழிலும் நோர்வேஜிய எழுத்திலும் திரையில் காட்டுங்கள். பிள்ளை பள்ளிக்கூட நூலகத்தில் தேடும்போது அது வேண்டும்.

வகுப்பில் ஓடவிடும் விதம்

காணொளியைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்; வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் இணையம் எந்நேரமும் காலைவாரிவிடலாம். பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஆளுக்கொரு கைபேசியில் பார்த்தால் அடுத்த காணொளிக்கு விரல் தானாகத் தள்ளிவிடும்.

முதல் தடவை ஒலியோடு போடுங்கள். நான்சன் முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள்: போக வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கம், திரும்ப வேண்டும் என்பவர்கள் கதவுப் பக்கம். ஒவ்வொருவரும் தமிழில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். நோர்வேஜியச் சொல் கலந்தால் பரவாயில்லை. பிறகு ஒலியை அணைத்துவிட்டு இரண்டாம் தடவை போடுங்கள். இப்போது வர்ணனை சொல்வது பிள்ளைகள். யார் விளங்கிக்கொண்டார், யார் விளங்காமல் தலையாட்டினார் என்பது உங்களுக்கு உடனே தெரியும்.

முடிவை நீங்களே வாயால் சொல்லுங்கள். திரும்பும் வழியில், ஏப்ரல் நடுப்பகுதியில், இருவருடைய கடிகாரங்களும் நின்றுபோயின. சரியான நேரம் தெரியாமல் நெட்டாங்கைக் கணக்கிட முடியாது. ஆகவே தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லாமல் போனது. (நேரம் தெரியாவிட்டால் இடம் ஏன் தெரியாது என்பது அருமையான வீட்டுப்பாடம்.) பிரான்ஸ் யோசெப் தீவுகளில் கல்லாலும் தோலாலும் ஒரு குடில் கட்டி, கரடி இறைச்சியும் வால்ரஸ் இறைச்சியும் தின்று ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1896 யூன் 17 அன்று நான்சன் நாய் குரைக்கும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், எதிரே ஃப்ரெடரிக் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பயணி. ஓகஸ்ட் மாதம் நான்சன் வார்தோவில் கரையேறினார். அதே மாதத்திலேயே ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டு வந்து சேர்ந்தது. கப்பலில் போன பதின்மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

நான்சனும் ஜாக்சனும் பனிவெளியில் கைகுலுக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அதைத் திரையில் போட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த நேரத்தில் கமராவோடு அங்கே நின்றது யார்? பிள்ளைகள் யோசிப்பார்கள். அந்தப் படம் சந்திப்பு நடந்து சில மணி நேரம் கழித்து, திரும்ப நின்று எடுத்தது. மனிதர்கள் உண்மை, இடம் உண்மை, சந்திப்பும் உண்மை. படம் பிடித்த கணம் மட்டும் வேறு. நாள்தோறும் நூறு காணொளி பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் பத்து நிமிடப் பயிற்சி போல வேறொன்றும் உதவாது. நேரம் போதாவிட்டால் மற்ற எதையும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

இரண்டாம் காணொளி: 1922

அடுத்த வாரம் அதே மனிதரின் வேறொரு முடிவு. முதலாம் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் முடிந்தபின், எந்த நாடும் தம் குடிகள் என்று ஏற்காத இலட்சக்கணக்கான ரஷ்யர்கள் ஐரோப்பா எங்கும் சிதறிக் கிடந்தார்கள். 1921இல் நாடுகளின் சங்கம் நான்சனை அகதிகளுக்கான உயர் ஆணையாளராக நியமித்தது. கடவுச்சீட்டு இல்லாதவர் எல்லை தாண்ட முடியாது, வேலை தேடிப் போக முடியாது. 1922இல் அவர் முயற்சியால் ஓர் அடையாளப் பத்திரம் உருவாகி, நான்சன் கடவுச்சீட்டு என்று பெயர் பெற்றது. பிறகு ஆர்மேனியர்களுக்கும் அது கிடைத்தது. ஓவியர் மார்க் ஷகால், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி போன்றோரும் அதை வைத்திருந்தார்கள். 1922ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு நான்சனுக்கே கிடைத்தது.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் பயண ஆவணம் இந்த வழியில் வந்ததுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் அப்படியொன்று இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டு வரட்டும். சொல்ல விரும்பாத பெற்றோரும் இருப்பார்கள், வற்புறுத்த வேண்டாம். யாராவது கொண்டுவந்தால் அட்டையை மட்டும் படமெடுங்கள். பெயரும் இலக்கமும் உள்ள பக்கத்தைத் திறக்கவே கூடாது.

இனிப் பிள்ளைகள் செய்யட்டும்

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் நான்கு பேர் கொண்ட குழுவாக ஒரு காணொளியைச் செய்யலாம். அந்தோனி ராஜேந்திரத்தைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1956இல் நோர்வேக்கு வந்தவர் அவர். இங்கே குடியேறிய முதல் தமிழராக நினைவுகூரப்படுகிறார். இந்நாட்டு மீன்பிடித் தொழிலைப் பார்த்து, நோர்வே மக்களின் உதவியோடு 1967இல் சீ-நோர் என்ற திட்டத்தைத் தொடக்கினார். காரைநகரில் படகு கட்டும் இடமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதில் விளைந்தவை. நோர்வேயில் தங்கிவிடாமல், கற்றதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அந்த ஒரு முடிவைச் சுற்றிக் காணொளியை அமைக்கச் சொல்லுங்கள். ஊரில் அந்த வலையைப் பிடித்து மீன்பிடித்த பெரியவர்கள் ஒஸ்லோவில் கிடைப்பார்கள். பேட்டி எடுக்கும்போது கேள்வி ஐந்துக்கு மேல் வேண்டாம். பேசுபவர் நிறுத்தினால் மூன்று விநாடி பொறுத்திருக்கப் பழக்குங்கள். நல்ல விஷயம் அந்த மௌனத்துக்குப் பிறகே வரும்.

பேட்டி கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முடிந்த காணொளியை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் எதையும் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் வகுப்புக்கு வெளியே பகிராதீர்கள். கடைசித் திரையில் படங்கள் எங்கிருந்து எடுத்தவை என்று எழுதிவிடுங்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அதே காணொளியைப் போடுமுன் அவற்றுக்கேற்ப வெட்டித் திருத்துங்கள்.