கைத்தையல் ஒட்டுப்போர்வைக்கு விலை போடுவது எப்படி?



அடக்கம் தெரியாமல் எந்தச் சரக்கையும் வாங்கவோ விற்கவோ கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடம். துவரம்பருப்பு என்றால் மூட்டை விலை, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, சேதாரம் எல்லாம் நமக்கு விரல் நுனியில் இருக்கும். ஆனால் தராசில் நிறுக்க முடியாத, மொத்த விலைப் பட்டியலில் இல்லாத ஒரு பொருள் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றால் நம்மில் பலர் தடுமாறுகிறோம். வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொல்லிவிடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தப் பாடம்.

ஓர் எடுத்துக்காட்டு

மூங்கில்துறைப்பட்டில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலை உள்ள ஊர். கரும்புப் பணம் கைக்கு வரும்வரை பற்று எழுதுவது அங்குள்ள கடைக்காரர்களுக்குப் பழக்கமான ஒன்று. ஒரு மூதாட்டியின் பெயரில் 1,150 ரூபாய் பற்று நிற்கிறது. அவர் ஒரு நாள் கையில் துணி மூட்டையோடு வருகிறார். பழைய சேலைகளை வெட்டி, ஒட்டுப் போட்டு, நான்கு அடுக்காக அடுக்கி, முழுவதும் கையால் தைத்த போர்வை அது.

“தம்பி, இத வச்சுக்கிட்டு கணக்குல கழிச்சுக்கோப்பா” என்கிறார்.

கடைக்காரர் புரட்டிப் பார்க்கிறார். “ஆயா, பழைய சேலதானே? ஐநூறு கழிச்சுக்கறேன்” என்கிறார்.

ஆயா ஒன்றும் பேசவில்லை. கடன்பட்டவர் எப்படிப் பேசுவார்? போர்வையை வைத்துவிட்டுப் போகிறார்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. அவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கை இப்போது நாம் போடுவோம்.

மதிப்பு ஒன்றல்ல, மூன்று

1. அடக்கம்: அந்தப் போர்வையைச் செய்து முடிக்க ஆன துணி, நூல், கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகை.

2. சந்தை விலை: இந்த ஊரில், இந்த மாதத்தில், வாங்க வருபவர் கொடுக்கத் தயாராக உள்ள தொகை.

3. மாற்று மதிப்பு: பொருள் தொலைந்தாலோ எரிந்தாலோ அதே போன்ற ஒன்றைத் திரும்பச் செய்ய ஆகும் தொகை. நஷ்டஈடு, காப்பீடு ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படை.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தவறு வருகிறது. மேலே சொன்ன கடைக்காரர் இந்த மூன்றில் எதையும் சொல்லவில்லை. கந்தைத் துணியின் விலையைத்தான் சொன்னார்.

முதலில் கூலியை எழுதுங்கள்

கைவேலைப் பொருளில் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாது. அது உழைத்த நேரம். எனவே சிட்டையில் முதல் வரியாகக் கூலியை எழுத வேண்டும். நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு.

போர்வையின் அகலம் 5 அடி, நீளம் 7½ அடி என்று கொள்வோம். நீளவாக்கில் அரை அங்குலத்துக்கு ஒரு தையல் வரிசை ஓடுகிறது. 5 அடி என்பது 60 அங்குலம். ஆகவே 120 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் 7½ அடி. மொத்தம் 900 அடி தையல்!

தைத்தவரையே ஒரு வரிசை தைத்துக் காட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு வரிசைக்கு 24 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 120 வரிசைக்கு 2,880 நிமிடம், அதாவது 48 மணி நேரம். சேலைகளைத் துவைத்து வெட்டவும், ஒட்டுகளை இணைக்கவும், ஓரம் மடித்துத் தைக்கவும் 12 மணி நேரம் சேர்த்தால் மொத்தம் 60 மணி நேரம்.

மணிக்கு என்ன கூலி? உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வதே நல்லது. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். தேர்ந்த கைவேலைக்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் இதற்குக் கீழே இறங்குவது நியாயமாகாது.

இனி முழுக் கணக்கு:

கூலி 60 மணி × 42 ரூபாய் = ரூ. 2,520
பழைய சேலை 3 × 80 ரூபாய் = ரூ. 240
அடித்துணி (புதியது) 5 மீட்டர் × 90 ரூபாய் = ரூ. 450
நூல் = ரூ. 60
துவைத்து மடித்து உறையிடும் செலவு = ரூ. 30
அடக்கம் = ரூ. 3,300

துணி, நூல் விலைகள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சேலைக்கு ஏன் விலை என்று கேட்பவர்கள் உண்டு. அதைப் போட்டுப் பாத்திரம் வாங்கலாம் அல்லவா? அப்படியானால் அதற்கு விலை உண்டு.

இப்போது 500 ரூபாயைத் திரும்பப் பாருங்கள். கூலியை விடுங்கள், துணியும் நூலும் மற்றச் செலவும் மட்டுமே 780 ரூபாய். ஆயா 60 மணி நேரம் உழைத்து, கையிலிருந்தும் 280 ரூபாய் இழந்திருக்கிறார். நம் சிட்டையில் அது ஒரு வரவு வரியாக மட்டுமே தெரியும்.

லாபம் எதன்மேல்?

இந்த இடத்தில் பழைய வியாபாரிகள்கூடச் சறுக்குவதுண்டு. 20 சதவீத லாபம் வேண்டும் என்று 3,300 ரூபாயின்மேல் 660 கூட்டி 3,960 ரூபாய்க்கு விற்றால், விற்பனை விலையில் நமக்குக் கிடைப்பது 16⅔ சதவீதமே. விற்பனை விலையில் 20 சதவீதம் வேண்டுமானால் அடக்கத்தை 0.80 ஆல் வகுக்க வேண்டும். 3,300 ÷ 0.80 = 4,125 ரூபாய். இதில் கடையின் பங்கு 825 ரூபாய். மாதக்கணக்கில் அலமாரியில் தங்கக்கூடிய சரக்குக்கு இந்த இரண்டாவது முறையே பாதுகாப்பானது.

சந்தை அந்த விலையைக் கொடுக்குமா?

கொடுக்காமல் போகலாம். பானிபட்டிலிருந்து வரும் இயந்திரப் போர்வைகள் மலிவாகக் கிடைக்கும்போது, உள்ளூர் வாடிக்கையாளர் ஒட்டுப்போர்வைக்கு 1,800 ரூபாய்க்குமேல் தர மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் 20 சதவீதம் 360 ரூபாய் போக மீதி 1,440. பொருட்செலவு 780 போக மிஞ்சுவது 660. அதை 60 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 11 ரூபாய்!

இந்த 11 ரூபாயை மறைக்காமல் தைத்தவரிடம் சொல்ல வேண்டும். “ஆயா, இந்த ஊர்ல வித்தா உங்களுக்கு மணிக்குப் பதினோரு ரூபாதான் நிக்கும். வேற ஊருக்கு அனுப்பிப் பாக்கலாமா?” என்று கேட்பதே வணிக தர்மம். முடிவு அவருடையது. அடக்கம் 3,300 என்பது உண்மை, உள்ளூர் விலை 1,800 என்பதும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு ஒருவர் குறைந்த விலைக்கு விற்பது வேறு. தெரியாமல் விற்க வைப்பது வேறு.

மூன்று வழிகள்

முதல் வழி, வேறு சந்தை. மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு பக்கம் கல்வராயன் மலை, மறுபக்கம் திருவண்ணாமலை. மலையில் மார்கழிக் குளிருக்குத் தடித்த போர்வை தேவைப்படும். திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் வரும் வெளியூர், வெளிநாட்டுப் பயணிகளில் கைவேலைப் பொருளைத் தேடி வாங்குவோர் உண்டு. அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்கள், மகளிர் சுய உதவிக் குழுப் பொருட்களுக்கான மதி அங்காடிகள் ஆகியவற்றையும் அணுகிப் பார்க்கலாம்.

இரண்டாம் வழி, அளவையும் வேலையையும் குறைப்பது. பச்சிளம் குழந்தைக்கு 3 அடிக்கு 4 அடி விரிப்பு என்றால், ஓர் அங்குல இடைவெளியில் 36 வரிசை போதும். 144 அடி தையலுக்கு முன்சொன்ன வேகத்தில் ஏறத்தாழ 8 மணி நேரம், மற்ற வேலைக்கு 4 மணி நேரம். கூலி 12 × 42 = 504. பொருட்செலவு மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 260. அடக்கம் 764 ரூபாய். விற்பனை விலை 955 ரூபாய். முழுக் கூலியும் கிடைக்கும், உள்ளூரிலும் விலைபோகக் கூடும்.

மூன்றாம் வழி, விற்றபின் பணம் தரும் முறை. மண்டிக் கமிஷன் நமக்குப் புதிதல்ல. போர்வை தைத்தவருக்கே சொந்தம், நாம் விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்கிறோம். 4,125 ரூபாய்க்கு விற்றால் நம் கமிஷன் 825. மீதி 3,300இல் பற்று 1,150ஐக் கழித்து 2,150 ரூபாயை ஆயாவின் கையில் ரொக்கமாகக் கொடுக்கலாம். நம் முதல் முடங்காது, அவர் உழைப்பும் மலிவாகாது.

ஒன்றைக் கவனிக்க: பொருளை அடகாக வாங்கிக்கொண்டு கடன் கொடுப்பது வேறு தொழில். 1943ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்காரர் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். வாங்குவதானால் ரசீது போட்டு வாங்குங்கள். கமிஷனுக்கு எடுப்பதானால் இரண்டு பிரதி எழுதி ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

தரம் பார்க்கும் முறை

அ) ஒரு சாண் அகலத்தில் எத்தனை வரிசை ஓடுகிறது, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.
ஆ) இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். முடிச்சு வெளியே தெரியக் கூடாது.
இ) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த சேலைத் துண்டு இருந்தால் தெரிந்துவிடும்.
ஈ) ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் விலையைக் குறைத்தே ஆக வேண்டும்.
உ) ஓரமும் நான்கு மூலையும் உறுதியாக உள்ளனவா என்று இழுத்துப் பாருங்கள்.

மூலையைப் பற்றி ஒரு செய்தி. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளை ஒட்டுப் போட்டுத் தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். முடிவில் நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் ‘பூ’ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி நிறைவு பெறாதது என்பது அவர்கள் கருத்து. விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

பெயருக்கும் விலை உண்டு

வங்காளத்தின் நக்‌ஷி காந்தா தையலும் பழைய துணியிலிருந்து பிறந்த கலைதான். இன்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலும் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலையுடைகளிலிருந்து குளிருக்குப் போர்வை தைத்துவந்தார்கள். ஒரு சில டாலருக்கே அவை விற்றன. 1966இல் அப்பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களைத் தபால்தலையாக வெளியிட்டது.

தைத்தவர் யார் என்பது தெரிந்திருந்ததும் அந்த மதிப்புக்கு ஒரு காரணம். ஆகவே தைத்தவர் பெயர், ஊர், முடித்த மாதம், ஆண்டு ஆகியவற்றை ஒரு சிறு துணித்துண்டில் எழுதி, அவர் சம்மதத்தோடு மூலையில் தைத்துவிடச் சொல்லுங்கள். செலவு ஒன்றுமில்லை. ஐம்பது ஆண்டு கழித்து யாராவது விலை போட உட்கார்ந்தால் அந்தத் துண்டு பேசும்.

அனுப்பும்போது

வெளியூருக்கு லாரி பார்சலில் அனுப்பும்போது ‘பழைய துணி’ என்று எழுதிவிடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, அதிக மதிப்பை முன்கூட்டியே அறிவித்து எழுதித் தராவிட்டால், பொருள் தொலைந்தால் கிடைக்கும் ஈட்டுக்கு வரம்பு உண்டு. புகைப்படம், நீள அகலம், அடக்கக் கணக்குச் சிட்டை மூன்றையும் கோப்பில் வையுங்கள். முதலில் சொன்ன மாற்று மதிப்பை நிரூபிக்க இவைதாம் சாட்சி.

முடிவாக

கூலியை முதல் வரியில் எழுதுங்கள். பொருட்செலவை இரண்டாவதாக எழுதுங்கள். நம் லாபத்தை மூன்றாவதாகப் போடுங்கள். சந்தை விலை அதற்குக் கீழே இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். போர்வைக்கு மட்டுமல்ல, கூடை, பாய், முறம், ஊறுகாய், அப்பளம் என்று வீட்டுப் பெண்கள் செய்து கொண்டுவரும் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஐநூறு ரூபாய்க்குப் போர்வையை வைத்துவிட்டுப் போன ஆயா இன்னொன்று தைக்கமாட்டார். மணிக்கு 42 ரூபாய் பெற்றவர் அடுத்த மாதம் இரண்டு தைப்பார், அந்தப் பணத்தில் நம் கடையிலேயே அரிசியும் பருப்பும் வாங்குவார்.

பயிற்சி

1. 4 அடிக்கு 6 அடிப் போர்வையில் ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் வரிசைகள் ஓடுகின்றன. ஒரு வரிசைக்கு 20 நிமிடம். தையல் நேரம் எவ்வளவு?
2. பொருட்செலவு 450 ரூபாய், மற்ற வேலை 8 மணி நேரம், மணிக்கூலி 42 ரூபாய் என்றால் அடக்கம் என்ன?
3. விற்பனை விலையில் 20 சதவீதம் கடைக்கு வேண்டுமானால் என்ன விலைக்கு விற்க வேண்டும்?

விடைகள்: 1) 16 மணி. 2) ரூ. 1,458. 3) ரூ. 1,822.50.