இணைப்பாடவிதானச் செயற்பாடுகளில் மாணவர் பங்குபற்றுதல்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது, "இனி விளையாட்டை விட்டுவிட்டுப் படி" என்று வீட்டில் சொல்வார்கள். அது உங்கள் மேலுள்ள அக்கறையால் சொல்லப்படுவது. ஆயினும் விளையாட்டை முற்றாக விட்டால் படிப்புக் கூடுமா என்பதைச் சிந்திக்க வேண்டும். தமிழ்ப் பாடத்தில் கட்டுரையாகவும், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் வினாவாகவும் வரக்கூடிய இவ்விடயத்தைச் சப்ரகமுவ மாகாணத் தோட்டப்புற மாணவரின் நிலையில் நின்று இங்கு நோக்குவோம்.

1. இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் எவை?

வகுப்பறைப் பாடங்களோடு இணைந்து பாடசாலையில் நடைபெறும் ஏனைய கற்றல் செயற்பாடுகளே இவை. இவற்றை மூன்றாக வகுக்கலாம்.

(அ) விளையாட்டு: மெய்வல்லுநர் போட்டிகள், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், எல்லே, சதுரங்கம், கரம்.
(ஆ) மொழியும் கலையும்: தமிழ்மொழித் தினப் போட்டிகள், பேச்சு, விவாதம், நாடகம், நடனம்.
(இ) சேவையும் தலைமைத்துவமும்: சாரணர் இயக்கம், முதலுதவி, மாணவர் தலைவர் பணி, மாணவர் மன்றம்.

2. இவற்றால் விளையும் நன்மைகள்

• 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. உடல் இயங்கும்போது இரத்தோட்டம் சீராகும். நல்ல நித்திரை வரும். மறுநாள் பாடத்தில் மனம் பதியும்.
• தோல்வியை ஏற்றல், நடுவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படல், குழுவாக இயங்குதல் ஆகியவற்றை விளையாட்டு மைதானம் அனுபவத்தின் வாயிலாகக் கற்றுத்தருகின்றது.
• தேசிய மட்டத்தில் சாதனை புரிந்து, உயர்தரப் பரீட்சையிலும் தேவையான தகைமையைப் பெற்றவர்கள் விசேட அனுமதி முறையின்கீழ்ப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்க முடியும்.
• இவை எல்லாவற்றையும் விட முக்கியமான நன்மை ஒன்றுண்டு. தோட்டப்புறப் பிள்ளைகள் சிலர் சாதாரண தரத்தை எட்டுமுன்பே பாடசாலையை விட்டு விலகி வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். அணியில் தனக்கென ஓர் இடமும், தன்னைத் தேடும் நண்பர்களும் இருக்கும் மாணவருக்குப் பாடசாலைக்கு வர இன்னுமொரு காரணம் இருக்கின்றது.

3. நமது மாகாணத்திலிருந்து ஓர் உதாரணம்

சுசந்திகா ஜயசிங்க 1975இல் கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தை 22.28 செக்கனில் ஓடி மூன்றாம் இடம் பெற்றார். 1948இல் டங்கன் வைற் பெற்ற பதக்கத்தின் பின்னர், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. முதலிடம் பெற்றிருந்தவர் ஊக்கமருந்து பாவித்தமை காரணமாகத் தகுதி இழந்ததால், 2009இல் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தங்கம் பெற்றவரின் நேரம் 22.27 செக்கன். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு மாத்திரமே!

4. திறமை எப்போது தெரியவரும்?

"எனக்குத் திறமை இல்லை, சேர்" என்று ஒதுங்கி நிற்பவர்கள் முத்தையா முரளிதரனை நினைத்துக்கொள்ளுங்கள். இவரது பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முரளிதரன் முதலில் மித வேகப் பந்து வீச்சாளராகவே இருந்தார். அவருக்கு 14 வயதாக இருந்தபோது, சுழற்பந்து வீசிப் பார்க்குமாறு பயிற்றுநர் ஆலோசனை கூறினார். 2010இல் காலி மைதானத்தில் டெஸ்ற் போட்டிகளில் தமது 800ஆவது விக்கெட்டை அவர் வீழ்த்தினார். அணியில் சேராமல் இருந்திருந்தால் அவருக்குள்ளிருந்த சுழற்பந்து வீச்சாளரை யார் கண்டிருப்பார்? முதலில் சேருங்கள், திறமை எதில் உள்ளதென்பது பிறகே தெரியவரும்.

5. தடைகளும் வழிகளும்

மைதானம் இல்லை: மலைச் சரிவில் 400 மீற்றர் ஓடுபாதை அமைப்பது கடினம். ஆனால் கரப்பந்தாட்ட ஆடுகளம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது. சுற்றிலும் 3 மீற்றர் விட்டால் 24 × 15 மீற்றர் சமதரை போதும். அத்தகைய இடம் தோட்டத்தில் இருந்தால், அதிபர் ஊடாகத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

பின்னேர மழை: இரத்தினபுரிப் பக்கத்தில் இது வழமை. மழை நாளில் சதுரங்கம், கரம், விவாதம், நாடகப் பயிற்சி ஆகியவற்றை வகுப்பறையிலேயே நடத்தலாம்.

வீட்டுப் பொறுப்பு: அம்மா கொழுந்து பறித்துவிட்டோ றப்பர் பால் வெட்டிவிட்டோ வரும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் கடமை பலருக்கு உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பொறுப்பாசிரியரிடம் கூறினால் இடைவேளையிலோ காலையிலோ பயிற்சிக்கு வழி காணலாம்.

தூரமும் பாதுகாப்பும்: தோட்டப் பாதையில் தனியே செல்லாமல், ஒரே லயத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் பயிற்சிக்கு நின்று கூட்டாக வீடு திரும்புங்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி முடியும் நேரத்தை முன்கூட்டியே அறிவியுங்கள்.

ஓட முடியாது: புள்ளி பதிபவர், நேரக் கணிப்பாளர், முதலுதவியாளர், அறிவிப்பாளர் இன்றிப் போட்டி நடைபெறாது. இவர்களும் பங்குபற்றுபவர்களே.

6. படிப்பும் பயிற்சியும்: ஒரு வாராந்தத் திட்டம்

• இரு நாட்கள்: பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரப் பயிற்சி.
• ஏனைய மூன்று நாட்கள்: அதே நேரத்தில் கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி மீட்டல்.
• ஒவ்வொரு இரவும்: குறைந்தது ஒரு மணி நேரப் படிப்பு, உரிய நேரத்தில் நித்திரை.
• பரீட்சைக்கு முந்திய மாதம்: போட்டிகளை நிறுத்தி, நாளாந்தம் அரை மணி நேர நடை அல்லது விளையாட்டு.

நினைவிற் கொள்க

பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்பன போட்டிகளின் படிகள். முதற்படி உங்கள் பாடசாலை முற்றத்திலேயே உள்ளது. நாளைக்கே உடற்கல்வி ஆசிரியரிடம் பெயரைக் கொடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இணைப்பாடவிதானச் செயற்பாடுகளின் மூன்று வகைகளையும் உதாரணத்துடன் தருக.
2. சுசந்திகா ஜயசிங்கவின் பதக்கம் 2009இல் வெள்ளியாக உயர்த்தப்பட்டதன் காரணம் யாது? இதிலிருந்து நீர் பெறும் படிப்பினை யாது?
3. உமது பாடசாலைக்குக் கரப்பந்தாட்ட ஆடுகளம் அமைக்க இடம் வழங்குமாறு கேட்டு, தோட்ட முகாமையாளருக்கு மாணவர் மன்றச் செயலாளர் என்ற வகையில் ஒரு கடிதம் எழுதுக. தேவையான நிலத்தின் அளவைக் குறிப்பிடுக.
4. "விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்" என்னும் கூற்றுக்கு எதிராக விவாதிக்க நான்கு நியாயங்களை எழுதுக.